கல்யாணத்துக்கு முந்தின நாள் போட்ட வெள்ளை நைட்டி

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம். மலேசியாவில், கேமரன் மலையில் ரிங்லெட்டுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. மறுநாள் காலை எனக்குக் கல்யாணம்.

கல்யாணப் பெண்ணுக்கு ஆயிரம் கவலை இருக்கும் என்பார்கள். எனக்கு அன்று சாயங்காலம் இருந்த ஒரே கவலை, ராத்திரி எதைப் போட்டுக்கொண்டு தூங்குவது என்பதுதான். சிரிக்காதீர்கள். மேக்கப் போடும் அக்கா விடியற்காலையிலேயே வந்துவிடுவார். தூக்கம் கலைந்து நான் கண்ணாடி முன்னால் உட்காரும்போதே போட்டோ எடுக்க ஆரம்பித்துவிடுவார். அதற்காகவே ஈப்போவில் வேலை பார்த்த காசில், ஆன்லைனில் ஒரு சாட்டின் நைட்டி வாங்கி வைத்திருந்தேன். வழுவழுவென்று, தரையைத் தொடும் நீளத்தில், கையில் லேஸ் வைத்தது. நிறம் வெள்ளை.

அம்மாவும் எனக்காக ஒன்று வாங்கி வைத்திருந்தார். பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் வாங்கிய தடித்த பருத்தி நைட்டி. அதில் உள்ளங்கை அகலத்துக்குச் சூரியகாந்திப் பூக்கள். ஜன்னல் திரைக்கு வெட்டிய துணியில் மிச்சத்தை எடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"வெள்ளையப் போட்டுக்கிட்டா படுக்கப் போற? நலங்கு வெச்ச உடம்புடி" என்றார் அம்மா.

"இது வெள்ளை இல்லம்மா, ஐவரி."

"ஐவரியோ என்னமோ, எனக்கு வெள்ளையாத்தான் தெரியுது. இந்தக் குளிருல வெறச்சுப் போயிருவ லா. இதப் போட்டுக்க. தூங்கத்தானே போற, யாரு பாக்கப் போறா?"

அந்தக் கடைசி வார்த்தையைப் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

பிடிவாதத்தில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. நலங்கு முடிந்து குளித்துவிட்டு வெள்ளையைத்தான் போட்டுக்கொண்டேன். அத்தை, அப்பாவின் அக்கா, பீடோரிலிருந்து வந்திருந்தார். பெண்ணுக்குக் காவலாக இரும்பு இருக்க வேண்டும் என்று ஒரு பாக்குவெட்டியை என் கையில் திணித்தார். "நாளைக்குக் கோயிலுக்குக் கெளம்புற வரைக்கும் நெலப்படிய தாண்டக் கூடாது" என்று ஒரு சட்டமும் போட்டார். சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும் என்று ஏழு மணிக்கெல்லாம் என்னைப் படுக்க வைத்து அறைக் கதவையும் சாத்திவிட்டுப் போனார்கள். முன்புறம் அப்பாவும் அண்ணனும் ஆட்களோடு பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே இருட்டும் பனிமூட்டமும் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் கைத்தொலைபேசியில் செய்தி வந்தது, நாளைக்கு மாப்பிள்ளையாகப் போகிறவரிடமிருந்து. "ஒண்ணு கேக்கணும். உடனே போன் பண்ணு." அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் இப்படி ஒரு செய்தி வந்தால் எந்தப் பெண்தான் நல்லதாக நினைப்பாள்? நான் பள்ளிக்கூடம் படிக்கும் காலத்தில், பக்கத்து லயத்தில் ஒரு கல்யாணம் பந்தல் போட்ட பிறகு நின்று போனது. அந்தப் பெண்ணின் முகம்தான் என் கண் முன்னால் வந்தது. எங்கள் வீட்டு அறையில் செய்தி தட்டுத்தடுமாறி வருமே தவிர, பேச லைன் கிடைக்காது. பேச வேண்டுமானால் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, தேயிலை ஆரம்பிக்கும் மேட்டில் போய் நிற்க வேண்டும்.

கேட்டால் விட மாட்டார்கள். நீளத் தலையணையைப் படுக்க வைத்து, அதன் மேல் அம்மாவின் சூரியகாந்தி நைட்டியைப் போட்டு, ஒரு கை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி போர்வையால் மூடினேன். பாக்குவெட்டியையும் பக்கத்திலேயே வைத்தேன். தலையணைக்குக் காவல்! பிறகு, சமையல்கட்டில் இருந்தவர்கள் கண்ணில் படாமல் பின்கதவு வழியாக வெளியே நழுவினேன்.

கைத்தொலைபேசி விளக்கைப் போட்டால், பனிமூட்டத்தில் வெளிச்சம் இரண்டு அடி போய் அப்படியே நின்றுவிட்டது. சாட்டின் துணி ஈரத்தை உறிஞ்சிக் காலோடு ஒட்டியது. தொட்டியைத் தாண்டி மேட்டில் கால் வைக்கும்போது என் நைட்டியின் ஓரத்தை நானே மிதித்தேன். வழுக்கியதுதான் தெரியும். மலையிலிருந்து வரும் மழைத்தண்ணீருக்காகக் கட்டிய சிமெண்டுக் கால்வாய்க்குள் கிடந்தேன்.

ஆள் உயரம் இருக்கும் அந்தக் கால்வாய். சுவரெல்லாம் பாசி. கணுக்கால் பிசகி, எழுந்து நிற்க முடியவில்லை. கைத்தொலைபேசி கொஞ்சம் தள்ளி, கைக்கு எட்டாத ஒரு கல் மேல் விழுந்து என் பக்கமே வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் முதலில் பாதம் அளவுதான் இருந்தது. ஆனால் மேலே எங்கோ மழை பெய்கிறது என்று தெரிந்தது, ஏனென்றால் அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே வந்தது.

"அம்மா!" என்று கத்தினேன். சமையல்கட்டு ஜன்னல் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். உள்ளே பெண்கள் பேசிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. மறுபடியும் "அம்மா!" என்றேன். பின்கதவு திறந்தது. அப்பாடா, கேட்டுவிட்டது என்று மூச்சைச் சேமித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

நான் செய்த தப்பு அதுதான். எங்கள் லயத்தில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரிந்த ஒரு விஷயம் அந்த நிமிடம் எனக்கு மறந்து போனது. இருட்டிய பிறகு வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் உடனே பதில் சொல்லக் கூடாது. மூன்றாவது தடவை கூப்பிடுகிறதா என்று பார்க்க வேண்டும். மனிதர் என்றால் கூப்பிடுவார்கள். மற்றதுக்கு மூன்றாவது தடவை வாய் வராது.

"பதில் குடுக்காத!" அத்தையின் குரல். "வாய மூடு. மூணாவது வாட்டி வருதான்னு பாப்போம்."

எல்லோரும் காத்திருந்தார்கள். நான் அவர்கள் இறங்கி வருவார்கள் என்று காத்திருந்தேன்.

"பாத்தியா, வரல" என்றார் அத்தை. பிறகு, "ஐயோ, அங்க பாரு, தொட்டிக்குப் பின்னால. தரையிலேருந்து வெள்ளையா வெளிச்சம் வருது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "நான்தான், நான்தான்" என்று அலறினேன். அதற்குள் கதவைப் படாரென்று சாத்திவிட்டார்கள். யாரோ முன்புறம் ஓடிச் சொல்லியிருக்க வேண்டும், பந்தல் ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு உச்சத்தில் அலற ஆரம்பித்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் வரும் இடைவெளியில்தான் வீட்டுப் பேச்சு கேட்டது. ஜன்னலுக்குப் பின்னால் நின்று அத்தை என்னிடமே பேசினார். "தாயே, நீ யாரா இருந்தாலும் வந்த வழியப் பாத்துப் போயிரு. நாளைக்கு எங்க புள்ளைக்குக் கல்யாணம். அவ மேல கண்ணு வெக்காத. உனக்கு வேண்டியதக் குடுத்துடுறோம்." எனக்கு வேண்டியதாக, குங்குமம் தடவிய ஒரு அரை எலுமிச்சம்பழம் வந்து பக்கத்துத் தண்ணீரில் விழுந்தது. அது மிதந்து வந்து என் இடுப்பில் முட்டி நின்றது. ஆமாம், தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது.

அடுத்த இடைவெளியில் அம்மாவின் குரல்.

"புள்ள நல்லாத் தூங்குது. பாத்துட்டுத்தான் வரேன். நான் வாங்குன நைட்டியத்தான் போட்டுருக்கா. கை தெரிஞ்சிச்சு."

அதில் எவ்வளவு சந்தோஷம்! எனக்கு அழுகை பொங்கியது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அழுகையும் நின்றுவிட்டது. குளிர் உடம்பிலிருந்து தலைக்கு ஏறியதோ என்னவோ, நினைப்பு எங்கெங்கோ போனது. நான் உள்ளே படுத்திருக்கிறேன் என்று பெற்றவளே சொல்கிறாள். கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறாள். உள்ளே இருப்பது நான் என்றால், இங்கே வெள்ளைத் துணியில் கிடக்கும் இது யார்? அத்தை போகச் சொன்ன அது நான்தானோ? சத்தியமாகச் சொல்கிறேன், சில நிமிடங்கள் நான் அதை நம்பினேன். பேய்க்குப் பயந்து வளர்ந்த எனக்கு, பேயாக இருப்பதுதான் அதைவிடப் பயங்கரம் என்று அன்று தெரிந்தது. கூப்பிட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வாயைத் திறந்தாலும் பல் கிட்டியது, காற்றுதான் வந்தது.

அப்போது பாட்டு நின்று, பின்கதவு திறந்தது.

"ஏன்? யாரு கூப்புட்டது?"

அண்ணியின் குரல். அண்ணனின் மனைவி, என் வயதுதான், அப்போது ஆறு மாதக் கர்ப்பம். "வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு பதில் சொல்றியே, உனக்கென்ன பைத்தியமா?" என்று அத்தை கத்துவது கேட்டது. அண்ணி காதில் வாங்கவில்லை. "ஏன்? எங்க இருக்க? நான் இங்கதான் இருக்கேன், சொல்லு" என்று மறுபடி குரல் கொடுத்தார்.

கூப்பிட்டவருக்கு எங்கள் பக்கம் பதிலாகச் சொல்லும் அந்த 'ஏன்' என்ற ஒரு வார்த்தை என் காதில் விழுந்த பிறகுதான் நான் நானானேன். எங்கிருந்து பலம் வந்ததோ தெரியவில்லை. "அண்ணி, நான்தான் அண்ணி" என்றேன். ஈனமாகத்தான் வந்தது. ஆனால் அவருக்குக் கேட்டது.

"அசையாத. பேசிக்கிட்டே இரு" என்றவர், அண்ணனைக் கூப்பிட்ட கூப்பாட்டில் லயமே எழுந்து வந்தது. பந்தல் கட்டிய ஏணியையும் லோரிக் கயிற்றையும் போட்டு என்னை மேலே தூக்கினார்கள். மேலே நின்று அண்ணி டார்ச் அடித்தபடி ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தார். நான் மேலே வந்த கொஞ்ச நேரத்தில் மலையிலிருந்து செந்தண்ணீர் இரைச்சலோடு அந்தக் கால்வாய் விளிம்பு வரை பாய்ந்தது.

அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. வெள்ளை நைட்டியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டு, கட்டிலில் தலையணை போட்டிருந்த சூரியகாந்தி நைட்டியை எனக்குப் போட்டுவிட்டார். அண்ணனின் சுவெட்டர், அப்பாவின் காலுறை. கட்டிலில் அந்தத் தலையணைக்குப் பக்கத்தில் படுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மாவோடு தரையில் படுத்தேன். அவ்வளவு சுகமான உடுப்பை நான் வாழ்க்கையில் போட்டதில்லை.

மாப்பிள்ளை கேட்க நினைத்தது என்ன தெரியுமா? அவர் தெலுக் இந்தான்காரர், குளிர் அறியாதவர். பிரிஞ்சாங் ஹோட்டலில் பல் நடுங்க உட்கார்ந்துகொண்டு, "இங்க ராத்திரி தூங்குறதுக்கு என்ன போட்டுக்குவீங்க?" என்று கேட்கத்தான் அந்த அவசரம். மறுநாள் நான் நொண்டி நொண்டி அவரோடு அக்கினியைச் சுற்றியபோது என் காதில் மெதுவாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

கதை இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மறுவீட்டுக்கு வந்தபோது அண்ணி அடுப்படியில் பயற்றங்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். திடீரென்று கேட்டார்: "நீ அம்மான்னு ரெண்டு வாட்டி கூப்புட்டது கேட்டுச்சு. அதுக்கப்புறம் ஏன் என் பேரச் சொல்லிக் கூப்புட்ட? என்னைக்கும் அப்படிக் கூப்புட்டதில்லையே. அதான் ஏதோ விபரீதம்னு எந்திரிச்சு வந்தேன்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அண்ணியைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கே புரளாது. அன்று கூப்பிடவும் இல்லை. அந்த நேரத்தில் என்னிடம் குரலே இல்லை. அந்த வீட்டில் வேறு யாரும்கூட அவரைப் பேர் சொல்வதில்லை. அம்மாவுக்கு அவர் 'மருமவ', அண்ணனுக்கு 'இந்தாம்மா', மற்றவர்களுக்கு அண்ணி. அதைச் சொன்னேன்.

அண்ணி கையில் இருந்த பயற்றங்காயை முறத்தில் வைத்தார். அவர் பிறந்தது கீழே லெம்பா பெர்த்தாமில், அணையைத் திறந்துவிட்ட ஒரு ராத்திரி சேற்று வெள்ளம் புகுந்த பள்ளத்தாக்கு ஊரில்.

"அங்க சேத்துத் தண்ணி வந்தப்ப நாங்க கூரை மேல ஏறிக் கத்துனோம் லா. இருட்டுல யாரோ ஒரு ஆளு 'இருக்கேன், இருக்கேன்'னு பதில் குடுத்தான். யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. பதில் வர்ற வரைக்கும் நாம உயிரோட இருக்கோமா செத்துட்டோமான்னே தெரியாது." மறுபடி பயற்றங்காயை ஒடிக்க ஆரம்பித்தார். "யாரு கூப்புட்டிருந்தா என்ன, நீ இருக்க."

இப்போது நான் தெலுக் இந்தானில் இருக்கிறேன். சூரியகாந்திப் பூவெல்லாம் வெளுத்துப் போன பிறகும் அந்த நைட்டியைத் தூக்கிப் போடவில்லை. அம்மா வீட்டுக்குப் போகும் நாட்களில், இருட்டிய பிறகு பின்பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால், முதல் கூப்பாட்டுக்கே "ஏன், இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிவிடுவேன். அத்தை வந்திருந்தால் தலையில் அடித்துக்கொள்வார். அநேகமாக அண்ணன் மகள்தான் கூப்பிட்டிருப்பாள், கோழிக்கூட்டை மூடச் சொல்லி. சில சாயங்காலங்களில் கதவைத் திறந்து பார்த்தால் பனிமூட்டமும் தேயிலையும்தான் இருக்கும். அப்போதும் சொன்ன பதிலுக்காக நான் பயந்ததில்லை. அன்று எனக்காக அண்ணியைக் கூப்பிட்டது யாரோ, அதற்கு நான் தர முடிந்தது அந்த ஒரு வார்த்தைதான்.