காதுக் கட்டத்தில் போட்ட டிக்

எழுபதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டி.பி. பிரிவு நர்ஸாக இருந்தேன். அந்த நோயின் பெயரை அப்போது யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "நெஞ்சு சளி" என்பார்கள். ஊசிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முக்காடு போட்டுக்கொண்டு வருவார்கள். மல்லிகா மட்டும் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வந்தாள்.

பி.ஏ. முதல் வருஷம் முடித்திருந்தாள். கல்லூரிக்காக நானூறு மீட்டர் ஓடுகிறவள். மைதானத்தில் ஒருநாள் இருமியபோது கைக்குட்டையில் ரத்தம். யாரிடமும் மூச்சு விடாமல் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் அம்மாவோடு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பக்கம் திட்டாகத் தெரிந்தது. வீட்டில் மற்ற எல்லாருக்கும் படம் எடுத்துப் பார்த்தோம். நல்லவேளை, வேறு யாருக்கும் இல்லை.

அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டரு, இந்த வெள்ளப் பொடவயக் கட்டிகினு எங்க ஊட்டாண்ட மட்டும் வந்துடாதீங்கோ. நாளைக்குப் பொண்ணுக்கு ஒரு எடம் வந்தா, எவளாச்சும் போயி சொல்லிப்புடுவா."

மல்லிகாவுக்குக் கவலை வேறு. "பி.டி. மேடத்துக்குத் தெரிஞ்சா டீம்லேர்ந்து பேரை அடிச்சிடுவாங்க சிஸ்டர். நான் திரும்ப ஓடணும். அது ஒண்ணுதான்."

அது கோடை லீவு. தினமும் காலையில் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்புவாள். பிராக்டீஸுக்குப் போகிறாள் என்று தெரு நினைத்துக்கொள்ளும். முனை திரும்பியதும் மெதுவாக நடந்து திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் ரயிலேறி அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வந்துவிடுவாள். டாக்டர் ஓடக் கூடாது என்று சொல்லியிருந்தார். திருட்டுத்தனமாகக்கூட ஓடவில்லை, அவ்வளவு ஒழுங்கு.

ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, தினம் ஒன்று, மொத்தம் தொண்ணூறு. நல்ல மருந்துதான். ஆனால் சிலருக்குக் காது நரம்பைப் பாதிக்கும், தலை சுற்றும். உடனே நிறுத்தாவிட்டால் போன காது போனதுதான். அதற்காக ஒவ்வொரு கார்டிலும் 'காது' என்று ஒரு கட்டம் உண்டு. தினமும் கேட்டு டிக் போட வேண்டும். வெளியே வரிசை வாசல் வரை நிற்கும். நான் மருந்துப் புட்டியைக் குலுக்கிக்கொண்டே, "காது கேக்குதா? தலை சுத்துதா?" என்பேன். மல்லிகா என் முகத்தைப் பார்த்து, "கேக்குது சிஸ்டர், சுத்தல" என்பாள். உண்மையைச் சொன்னால், அவள் வாய் திறப்பதற்கு முன்பே பலநாள் நான் டிக் போட்டிருக்கிறேன்.

ஐம்பது ஊசி தாண்டியிருக்கும். ஒருநாள் ஊசிகளைக் கொதிக்கவைக்கும் ஸ்டெரிலைசரில் தண்ணீர் பொங்கி ஸ்டவ்வின் மேல் வழிந்தது. நான் ஓடிப்போய், இடுக்கியால் மூடியைத் தூக்கிக்கொண்டே, அவளுக்கு முதுகைக் காட்டியபடி கேட்டேன்: "மல்லிகா, நேத்து எந்தப் பக்கம் ஊசி போட்டேன்?"

"கேக்குது சிஸ்டர், சுத்தல."

மூடி இடுக்கியிலிருந்து விழுந்துவிட்டது. அந்தச் சத்தம் மட்டும் அவளுக்குக் கேட்டது. திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எத்தனை நாளா?" என்று அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். குனிந்துகொண்டாள். "பத்து நாளா உள்ள இரைச்சலா இருக்கு. நடந்தா சைடுல தள்ளுது. சொன்னா ஊசிய நிறுத்திடுவீங்க. ஊசி இல்லன்னா நோவு போகாது. போகலன்னா எப்படி சிஸ்டர் ஓடுறது?"

"அடி பைத்தியமே! காது போயிட்டா ஓட்டம் ஆரம்பிக்கத் துப்பாக்கி வெடிக்கிறது எப்படிடி கேக்கும்?" என்றேன். அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. அத்தனை நாளும் அழாத பெண், அந்த பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கார்டில் வரிசையாக என் டிக்குகள் நின்றன.

டாக்டர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவள் காதருகே வைத்தார். கேட்கவில்லை. கார்டைப் புரட்டியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "டெய்லி கேட்டீங்களா சிஸ்டர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மல்லிகா முந்திக்கொண்டாள். "தினமும் கேட்டாங்க டாக்டர். நான்தான் பொய் சொன்னேன்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பாதிதான். மீதிப் பாதி எனக்கும் அந்தக் கட்டத்துக்கும் தெரியும். காது கெட்டுக்கொண்டிருக்கும்போதும் அந்தப் பெண் என் வேலையைக் காப்பாற்றினாள். இன்று வரை அந்த நன்றி எனக்குள் இருக்கிறது. அன்று சாயங்காலமே தனியாகப் போய் டாக்டரிடம் மீதியையும் சொன்னேன். திட்டினார். ஆனால் அதோடு விட்டார். அதற்கும் நன்றி.

ஊசியை நிறுத்தி மாத்திரைகளுக்கு மாற்றினார்கள். ஒன்றரை வருஷம் ஒருநாள் தவறாமல் விழுங்கினாள். நுரையீரல் சுத்தமானது. தலைசுற்றல் போய்விட்டது. காது முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் மேற்கொண்டு கெடவும் இல்லை. "கொசு பாடுறது கேக்கல சிஸ்டர், ராத்திரி நிம்மதியாத் தூங்குறேன்" என்று சிரிப்பாள்.

நான் அன்றிலிருந்து காதைப் பற்றி முன்னால் நின்று கேட்டதே இல்லை. முதுகுப்பக்கம் போய், "நேத்து என்ன குழம்பு?" என்று மெதுவாகக் கேட்பேன். சாம்பார் என்றோ ரசம் என்றோ பதில் வந்தால்தான் டிக். என்னிடம் வேலை பழகிய பெண்கள் இந்தச் சிஸ்டருக்குச் சாப்பாட்டு நினைப்பு விடவே விடாது என்று கேலி செய்வார்கள். இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். தெரிந்த கேள்விக்குத் தெரிந்த பதில்தான் வரும்.

கடைசி வருஷப் போட்டிக்கு டாக்டர் அனுமதி கொடுத்தார். நான் அரை நாள் லீவு போட்டு, வெள்ளைப் புடவையை மாற்றிக்கொண்டு, பூந்தமல்லிப் பக்கம் நடந்த போட்டியைப் பார்க்கப் போனேன். ஆறு பெண்கள் குனிந்து நின்றார்கள். துப்பாக்கி வெடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மல்லிகா எல்லாரோடும் சேர்ந்தே ஓடிக்கொண்டிருந்தாள். நான்காவதாக வந்தாள். எனக்கு அது போதும், ஆண்டவருக்கு அங்கேயே ஸ்தோத்திரம் சொன்னேன்.

முழங்காலில் கைகளை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். பின்பக்கமாகப் போய், மெல்லிய குரலில், "நேத்து என்னடி குழம்பு?" என்றேன்.

அவள் திரும்பவில்லை. "கேக்குது சிஸ்டர், சுத்தல" என்றாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் பார்த்தால், அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறாள்.