சட்டையை முகர்ந்த சாட்சி

போன ஆண்டு மழை முடிந்த கையோடு, செஞ்சி ராஜகிரிக் கோட்டைப் படியில் வழுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டேன். கம்பி வைத்தும் மாதக்கணக்கில் எலும்பு சேரவில்லை. மறுபடி அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார் புதுச்சேரி டாக்டர்.

"சிகரெட்ட விட்டுட்டு வாங்க சார், அது எலும்பச் சேர விடாது. ரத்தத்துல டெஸ்ட் பண்ணித்தான் தேதி குடுப்பேன். இந்த வாட்டியும் சேரலன்னா ஆயுசுக்கும் ஊன்றுகோல்தான்."

விட்டேன். அதற்கு முன்பும் பலமுறை விட்டதாக மனைவியிடம் அறிவித்ததுண்டு. அவை வெறும் அறிவிப்புகள். இந்த முறை நிஜமாகவே விட்டேன். புகைக்கும் ஆசையை அடக்க, மருந்துக்கடையில் சூயிங்கம் வாங்கி மென்றேன். தாலுகா அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எதையும் விதிப்படி படித்துவிட்டுத்தான் செய்வேன். நிகோடின் சில நாட்களில் உடம்பைவிட்டுப் போய்விடும், அது மாறி உண்டாகும் கோட்டினின் சில வாரம்வரை தங்கும் என்று படித்தேன். அதற்கும் மேலே அவகாசம் விட்டுப் பரிசோதனைக்குப் போனேன்.

ரத்தத்தில் கோட்டினின் தாராளமாக இருந்தது.

"கடைசியா எப்ப சார் புடிச்சீங்க?"

"பிடிக்கவே இல்லை."

டாக்டர் சிரித்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் சிரிக்கும் சிரிப்பு. எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அதே பக்கம் உட்கார்ந்திருந்தவன்தான். பக்கத்தில் இருந்த மனைவியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"பொய் சொல்ற ஆளுதான் டாக்டர் இவரு," என்றாள் அவள். "ஆனா இந்த வாட்டி சொல்லல. தெனம் சட்டைய மோந்து பாத்துட்டுதான் தோய்க்கப் போடறேன். அந்த வாடை போயி ரொம்ப நாளாவுது. வாய் சும்மா இருக்கக் கூடாதுன்னு பொழுதுக்கும் இந்த மிட்டாயத்தான் மென்னுனு இருக்காரு."

கைப்பையிலிருந்து சூயிங்கம் அட்டையை எடுத்து வைத்தாள். டாக்டர் அதைத் திருப்பிப் படித்தார்.

"இதுலயே நிகோடின் இருக்குதே சார். ஏன் சொல்லல?"

"எப்போது பிடித்தீர்கள் என்றுதான் கேட்டீர்கள். மெல்வதைப் பற்றிக் கேட்கவில்லையே."

சூயிங்கத்தின் நிகோடினும் கோட்டினினாக மாறும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதாதே என்பது எங்கள் அலுவலகப் பாடம். அது என் காலையே வாங்கிக்கொள்ளப் பார்த்தது. சூயிங்கத்தையும் நிறுத்தினேன். சில வாரம் கழித்து ரத்தம் சுத்தமானது, அறுவை சிகிச்சை நடந்தது, எலும்பும் சேர்ந்தது.

சூயிங்கம் அட்டை பிடிபட்ட அன்று வீடு திரும்பும் வழியில், சட்டையை முகர்வதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மனைவியிடம் கேட்டேன்.

"சொல்லியிருந்தா வேற சட்டைய மாட்டினு போயி புடிச்சிருப்பீங்க," என்றாள்.

என் பேச்சில் துளியும் நம்பிக்கையில்லாத ஒருத்தி எனக்காகச் சாட்சி சொன்னாள். தினம் சட்டையை முகர்ந்து பார்க்கும் அக்கறை நம்பிக்கையைவிடப் பெரியது என்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது.