சொக்கம்மாள் காய்ச்சிய பறை

எம்.கே.பி. நகர்ப் பள்ளிக்கூடத்தில் ஆயா சொக்கம்மாளுக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் மரியாதை. ஆண்டு விழா நாள். மற்ற நாளெல்லாம் கக்கூஸ் கழுவுகிறவள். அன்றைக்கு மட்டும் பறையாட்டப் பிள்ளைகள் பத்துப் பேரும் அவள் முன்னால் வரிசையில் நிற்பார்கள். மேடைக்குப் பின்னால் பழைய பேப்பரைக் கொளுத்தி, பறைத் தோலை அனலில் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்துக் கொடுப்பாள். தோல் காய்ந்தால்தான் சத்தம் எழும். முப்பது வருஷம் புருஷனுக்குக் காய்ச்சிக் கொடுத்த கை, மறக்குமா?

புருஷன் அப்பாவு சாவு மேளக்காரர். அந்த வட்டாரத்தில் எந்தப் பிணமும் அவர் அடிக்காமல் தெருவைத் தாண்டாது. அப்பேர்ப்பட்ட மனுஷன் கொரோனாவில் போனார். பிளாஸ்டிக்கில் சுற்றினார்கள், வண்டியில் ஏற்றினார்கள், கதை முடிந்தது. ஊருக்கெல்லாம் அடித்தவருக்கு ஒரு அடி விழவில்லை. அநாதைப் பிணம் மாதிரி அனுப்பிவைத்தார்கள். என்ன நியாயம் இது? சொக்கம்மாள் கேட்கவில்லை. அழவும் இல்லை. நாலு வருஷமாக அவளுக்குச் சோற்றில் ருசியில்லை, ஊசி போட்டால் வலியில்லை.

இந்த வருஷம் பள்ளிக்கூடத்துப் பறை ஒன்று கிழிந்துபோக, அப்பாவுவின் பறையைக் கொண்டுவந்தாள். ஒன்பதாவது படிக்கும் மதிக்கு அது.

அனலில் காட்டிக்கொண்டிருந்தபோது மதி கத்தினாள். "ஆயா, கை! நெருப்புல கீது!"

பார்த்தாள். இரண்டு விரல் கொப்பளித்திருந்தது. "பரவால்ல," என்று பறையை நீட்டினாள். பிறகு மெதுவாக, "மதி, சாவு அடி ஒண்ணே ஒண்ணு அடிக்கிறியா? எங்க வூட்டுக்காரருக்கு யாருமே அடிக்கல," என்றாள்.

மதி தலையைக் குனிந்துகொண்டாள். தலைமையாசிரியை தேவப்பிரியம் போட்ட நிபந்தனை எல்லாருக்கும் தெரியும். மைதானத்தில் சாவு அடி கேட்டால் அடுத்த வருஷம் பறையே கிடையாது. "டீச்சர் காதுல வுழுந்தா ஆட்டத்தையே நிறுத்திடுவாங்க ஆயா."

"சரி, போ." சொக்கம்மாளுக்கு வருத்தம்கூட வரவில்லை.

மேடையில் ஆட்டம் தூள் பறந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எல்லாரும் கலைந்த பிறகு சொக்கம்மாள் சமோசாக் காகிதங்களைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பத்துப் பேரும் திரும்பி வந்து நின்றார்கள்.

"ஆயா, இன்னொரு தபா காச்சிக் குடு," என்றாள் மதி.

"அதான் முடிஞ்சி போச்சே, இன்னாத்துக்கு?"

"தாத்தாவுக்கு."

காய்ச்சிக் கொடுத்தாள். மதி அடித்தாள். அப்பாவு அடித்த தெருக்களில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சாவு அடியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, பாடைக்கு முன்னால் ஆடுகிற மாதிரியே வெறும் மைதானத்தில் ஆடினார்கள்.

கேட் பக்கம் போய்க்கொண்டிருந்த தேவப்பிரியம் டீச்சர் நின்றுவிட்டார். ஆட்டமே போயிற்று என்றுதான் பிள்ளைகள் நினைத்தார்கள், ஆனாலும் நிறுத்தவில்லை. டீச்சர் கைப்பையைத் தரையில் வைத்தார். செருப்பைக் கழற்றினார். சவ ஊர்வலத்துக்கு ஒதுங்கி நிற்பதுபோல, அடி ஓயும்வரை அங்கேயே நின்றார்.

சொக்கம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். கொப்பளித்த விரல்களை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"எரியுதுடி மதி, கை எரியுது," என்று சொல்லி ஓவென்று அழுதாள்.