இடம் மாறிய தூண்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஓர் ஐப்பசி மாதத்தில் கொடைக்கானலில் நடந்தது இது. எனக்கு ஊர் மலையடிவாரத்தில் கன்னிவாடி. கட்டுமான நிறுவனம் ஒன்றில் சைட் சூப்பர்வைசர் வேலை. இருபத்தைந்து வருட அனுபவத்தில் சமவெளியில் எத்தனையோ பாலங்களுக்கு அஸ்திவாரம் போட்டிருக்கிறேன். மலையில் வேலை பார்க்க வந்தது அதுதான் முதல் தடவை.

பேருந்து நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு வளைவை ஒட்டிச் சாலையைக் கடப்பதற்கு ஒரு நடைமேம்பாலம். சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு தூண், அந்தப் பக்கம் ஒரு தூண், நடுவில் இரும்புப் பாலம், இரண்டு பக்கமும் படிகள். பெரிய வேலை இல்லை. சீசன் நேரத்தில் அந்த வளைவில் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஜனங்கள் கால் மணி நேரம் நிற்பார்களாம். அதனால் பாலம் கட்டுகிறோம் என்றால் ஊரே சந்தோஷப்படும் என்று நினைத்துத்தான் மேலே ஏறினேன்.

ஊர் சந்தோஷப்படவில்லை. தகரத் தடுப்பு வைத்த முதல் நாளே ஆரம்பித்துவிட்டார்கள். ஜீப் டிரைவர் ஒருவர், "நடக்குறவங்களுக்கு எதுக்குண்ணே பாலம்? கையக் காட்டினா நாங்களே வழி விட்ருவோமே" என்றார். பக்கத்தில் நின்ற டீச்சர் அம்மா, "எந்த வருசம் விட்டீங்க?" என்று கேட்டதும் அவர் பேச்சை மாற்றிவிட்டார். சுற்றுலா வந்தவர்கள் கண்ணாடிப் பாலமா என்று கேட்டு, இல்லை என்றதும் முகம் வாடிப் போனார்கள். எல்லோரையும்விடக் கடுமையாக எதிர்த்தவர் பக்கத்து ஹோட்டல்காரர். தன் கடை மறைந்துவிடும் என்று வாசலில் பெரிய பேனரே கட்டிவிட்டார். தினமும் காலையில் டீ கிளாஸோடு வந்து நின்று, "முடிஞ்சதும் என் ஹோட்டல் எங்க இருக்குன்னு ஒரு மேப்பு போட்டுக் குடுத்துட்டுப் போங்க" என்பார்.

யார் என்ன சொன்னாலும் "சரிங்க, மேல சொல்றேன்" என்பேன். மேலே எதையும் சொன்னதில்லை. இத்தனை வருடத்தில் பழகிப்போன வழக்கம் அது.

நாங்கள் தூணுக்குக் குறித்த இடத்தில் பன்னிரண்டு வருடமாக ஒரு பெண் சாக்கு விரித்து மலைப்பூண்டு விற்றுக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். மேல்மலைக் கிராமம் ஒன்றிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருபவர். தடுப்பு வைத்ததும் அவர் சாலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டியதாயிற்று. அங்கே வியாபாரம் படுத்துவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

ஜேசிபி வந்து நின்ற அன்று அவர் தடுப்பைத் தாண்டி உள்ளே வந்தார்.

"அண்ணே, இங்கன தோண்டாதீங்க. அடியில தண்ணி ஓடுது. மேல மழை பேஞ்சா என் சாக்கு அடியில இருந்து நனையும். பன்னெண்டு வருசமாப் பாக்குறேன்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. மண் பரிசோதனை ரிப்போர்ட் என் கையில் இருந்தது. அதில் தண்ணீரைப் பற்றி ஒரு வரி கிடையாது. சோதனை செய்தது நல்ல வெயில் காலத்தில் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"எடம் போச்சுன்னு சொல்லும்மா, ஒத்துக்கிறேன். தண்ணி ஓடுதுன்னு கதை சொல்லாத" என்றேன். வேலையாட்கள் சிரித்தார்கள்.

அவர் சத்தம் போடவில்லை. "எடம் போனது நெசந்தான். தண்ணி ஓடுறதும் நெசந்தான்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மூன்று வாரம் எந்தத் தொந்தரவும் இல்லை. குழி இரண்டு ஆள் ஆழத்துக்கு இறங்கிவிட்டது. ஒரு நாள் மதியம் இரண்டு மணி இருக்கும். நான்கு பேர் உள்ளே கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருந்த இடத்தில் ஒரு தூறல் கூட இல்லை. மேலே சரிவு மட்டும் மூடுபனிக்குள் இருந்தது. நான் வேலையை போட்டோ எடுத்து ஆபீஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பூண்டுக்காரப் பெண் சாலையைக் குறுக்கே கடந்து ஓடி வந்தார். ஒரு கார் பிரேக் போட்டு நின்றதைக்கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆளுகள மேல ஏத்துங்கண்ணே. மேல நல்ல மழை. அந்தச் செவத்தப் பாருங்க, தண்ணி செவப்பா வருது."

குழிக்குப் பின்னால் இருந்த பழைய கல்சுவரில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கசியும். தெளிந்த தண்ணீர். அன்று அது செம்மண் நிறத்தில் நூல் மாதிரி இறங்கியது. நூல்தானே என்று எனக்குப் பட்டது. "பத்து நிமிசம்மா, ஒரு வரிசை கட்டி முடிச்சிரட்டும்" என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டார். நேராகக் குழி விளிம்புக்குப் போய்க் குனிந்து, சந்தையில் கூவிப் பழகிய குரலில், "ஏலே, கம்பியப் போட்டுட்டு வெரசா மேல வாங்க" என்று கத்தினார்.

நான்கு பேரும் நிமிர்ந்தார்கள். ஆனால் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னால்தான் ஏறுவார்கள். அந்த நான்கு முகங்களைப் பார்த்துக்கொண்டு இன்னொரு தடவை பத்து நிமிடம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஏறுங்க" என்றேன்.

ஏணியில் ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசி ஆளை அந்தப் பெண்தான் கையைப் பிடித்து மேலே இழுத்தார். தடுப்புக்கு வெளியே போய் நின்றிருப்போம், அவ்வளவுதான். மலைப் பக்கத்து மண் ஒரு முறை உப்பியது. அடுத்த நொடி பிளந்துகொண்டு செந்தண்ணீர் குழிக்குள் கொட்டியது. அவர்கள் கட்டிய கம்பி வளைந்து மண்ணுக்குள் போனது. அவர்கள் ஏறி வந்த ஏணி மூழ்கிப் போனது.

அப்போதே சொன்னேனே என்று அந்தப் பெண் கேட்பார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நாலு பேரும் இருக்கீங்களா?" என்று கேட்டு, விரலை நீட்டி ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஊர் கூடிவிட்டது. பாலமே வேண்டாம் என்று குரல்கள் கிளம்பின. அன்று மாலை மேனேஜர் போனில், எதிர்பாராத மழை என்று எழுதி அனுப்பச் சொன்னார். எழுதியிருக்கலாம். யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் எழுத உட்கார்ந்தால் அந்த நான்கு முகங்களும் கண் முன்னால் வந்தன.

மறுநாள் காலையில் என்ஜினியர் வந்தார். வேடிக்கை பார்க்கச் சுற்றிலும் கூட்டம். வேலை போனாலும் போகட்டும் என்று, "எதிர்பாராத மழை இல்ல சார். மூணு வாரத்துக்கு முன்னாடியே இங்க பூண்டு விக்கிற அம்மா சொன்னாங்க. நான்தான் யார்கிட்டயும் சொல்லல" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிடச் சொன்னார். பூண்டுக்காரப் பெண் வந்து, காலாலேயே தரையில் கோடு இழுத்துத் தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே திரும்புகிறது என்று காட்டினார். தடுப்பு வைத்த அன்று என்னிடம் வம்பு பேசிய ஜீப் டிரைவர் முன்னால் வந்து, "அக்கா சொல்றது சரிதான். எங்க ஸ்டாண்டுக்குக் கீழ ஒரு ஓட்ட கெடக்கு, மழையில தண்ணி அதுலதான் வெளிய வரும்" என்றார். கோடு போன வழியில் ஜேசிபி இல்லாமல் மண்வெட்டியாலேயே தோண்டிப் பார்த்தோம். ஓர் ஆள் ஆழத்தில் கருங்கல் கட்டிய பழைய கால்வாய் ஒன்று வந்தது. எந்த வரைபடத்திலும் இல்லாத கால்வாய். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

தூணை நகர்த்தினால்தான் பாலம் என்று ஆகிவிட்டது. நகர்த்த இருந்த ஒரே இடம் ஹோட்டல் வாசல். அது கிடைக்காவிட்டால் வேலையைக் கைவிடுவதைத் தவிர வழியில்லை என்று என்ஜினியர் சொல்லிவிட்டார். ஹோட்டல்காரரிடம் யார் போய்க் கேட்பது?

யாரும் போகவில்லை. மறுநாள் அவரே வந்தார். அன்று கையில் டீ கிளாஸ் இல்லை.

"அந்த நாலு பேரும் மத்தியானம் எங்க கடையிலதான் சாப்பிடுவாங்க. அன்னைக்கு குழியப் பாத்ததுல இருந்து எனக்கு ஒரு சோலியும் ஓடல. ரெண்டு கார் நிறுத்துற எடந்தான, எடுத்துக்கங்க. பாலத்துல இருந்து பாத்தாத் தெரியிற மாதிரி போர்ட நான் மேல தூக்கி வச்சுக்கிறேன்" என்றார். பேனரை அவரே அவிழ்த்துச் சுருட்டி உள்ளே கொண்டுபோனார்.

அதற்குப் பிறகு ஊரின் பேச்சே மாறிவிட்டது. குறை சொல்வதை யாரும் நிறுத்தவில்லை. ஆனால் இப்போது அது அவர்கள் பாலத்தைப் பற்றிய குறையாக இருந்தது. பனியில் படி வழுக்கும், சொரசொரப்பாகப் போடுங்கள் என்றார்கள். கைப்பிடி பிள்ளைகளுக்கு எட்டாது, கீழே ஒன்று சேர்த்து வையுங்கள் என்றார் டீச்சர் அம்மா. நான் எழுதி எழுதி மேலே அனுப்பினேன். முக்கால்வாசி நடந்தது.

குழியை மூடியதும் தன் பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிட்ட அந்தப் பெண்ணிடம் போய், "தப்பாப் பேசிட்டேன் தங்கச்சி" என்றேன். "அன்னைக்கு நீங்க அப்படிச் சொன்னதுல ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கலண்ணே" என்றார் அவர். சமாதானமாக ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்துப் போன எனக்கு அதைக் கேட்பதும் தேவையாகத்தான் இருந்தது.

தை மாதம் பாலத்தைத் தூக்கி வைக்கும் நாள் வந்தது. காலை ஒன்பது மணி வரை சாலையை அடைக்க அனுமதி. அதற்குள் முடியாவிட்டால் சீசன் முடிந்துதான் அடுத்த அனுமதி. வெள்ளனே கிரேன் வந்துவிட்டது. ஆனால் பனி அப்பிக்கொண்டு நின்றது. ஆபரேட்டருக்குத் தூணின் தலையே தெரியவில்லை. ஏழு மணி, எட்டு மணி ஆயிற்று. சாலையின் இரண்டு பக்கமும் ஸ்வெட்டரும் குல்லாவுமாக ஜனங்கள் நின்றார்கள். ஒருவர்கூட வீட்டுக்குப் போகவில்லை. ஹோட்டல்காரர் எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்.

எட்டரைக்குப் பனி விலகியது. நான் விசில் ஊதினேன். பாலம் தரையை விட்டு எழுந்தது. பாதி உயரத்தில் காற்று பிடித்து ஒரு பக்கமாகத் திரும்பத் தொடங்கியது. இரண்டு முனையிலும் வழிநடத்தும் கயிற்றை அந்த நான்கு பேர்தான் பிடித்திருந்தார்கள். கால் வழுக்கியது அவர்களுக்கு. நான் கூப்பிடுவதற்கு முன்பே ஜீப் டிரைவர்கள் ஓடிப் போய்க் கயிற்றில் கை கொடுத்தார்கள். பாலம் நேரானது. அங்குலம் அங்குலமாக இறங்கி, இரண்டு தூண்களின் மேலும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தது. போல்ட் துளைகள் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்தியிருந்தன.

அப்போது எழுந்த சத்தத்தை என் வேலையில் நான் வேறெங்கும் கேட்டதில்லை. கைதட்டல், குலவை, வரிசையாக நின்ற ஜீப்புகள் எல்லாவற்றின் ஹாரனும் சேர்ந்து மலையில் எதிரொலித்தன. பூண்டுக்காரப் பெண் எனக்குப் பக்கத்தில் வந்து, மேலே பார்த்தபடி, "ஒக்காந்துருச்சுண்ணே" என்றார். "ஒக்காந்துருச்சு தங்கச்சி" என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று ஊர்களில் வேலை பார்த்துவிட்டேன். எங்கே போனாலும் ஜேசிபியை இறக்குவதற்கு முன்னால் அங்கே உட்கார்ந்து பிழைப்பவர்களிடம் முதலில் பேசுகிறேன். தன் கஷ்டத்தைச் சொல்ல வருகிற ஒருவர் அதோடு சேர்த்து ஓர் உண்மையையும் கொண்டு வந்திருக்கலாம் என்பதை, நான்கு உயிர்களைப் பறிகொடுக்காமலே கற்றுக்கொள்ளக் கிடைத்ததுதான் என் வாழ்க்கையின் பெரிய அதிர்ஷ்டம்.