சீர்த்தட்டோடு வந்த அத்தி

எங்களுக்குக் கழனி இருந்தது. அதில் நெல்லும் கரும்பும் மாறி மாறி விளைந்தன. இருந்தும் அப்பா வீட்டு மாடியில், காலி பெயின்ட் வாளிகளில் மண் நிரப்பி அத்தி வளர்த்தார். இதைக் கேட்டு எங்கள் ஊர் செலியமேட்டில் சிரிக்காதவர்கள் கிடையாது. மண்ணுக்குப் பஞ்சமில்லாத மனுஷன் மண்ணை மாடிக்குச் சுமக்கிறாரே என்று நடவுக்கு வரும் பெண்கள்கூடக் கேலி பேசுவார்கள். அப்பா அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. கழனி சோற்றுக்கு, மாடி சந்தோஷத்துக்கு என்று மனதுக்குள் பிரித்து வைத்திருந்தார் போலிருக்கிறது.

அவர் வளர்த்தது அடிமரத்தில் கொத்துக்கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்தி அல்ல. சீமை அத்தி. மளிகைக் கடையில் காய்ந்து தட்டையாகி, கயிற்றில் கோத்துத் தொங்குமே, அந்தப் பழம். அதில் பூனா, துருக்கி, டயானா என்று ஏகப்பட்ட ரகங்கள். வில்லியனூர், பாகூர் பக்கத்தில் இதே பைத்தியம் பிடித்தவர்கள் சேர்ந்து வாட்ஸாப்பில் ஒரு குழு வைத்திருந்தார்கள். விடிந்தால் அப்பாவின் போன் முழுக்க இலைகளாகவே இருக்கும். இது என்ன ரகம் என்று ஒருவர் படம் போடுவார். பூனா என்பார் ஒருவர், துருக்கி என்பார் இன்னொருவர். மத்தியானத்துக்குள் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். பள்ளிக்கூடப் பாடத்தைவிட இந்தச் சண்டை எனக்குப் பிடித்திருந்தது. அத்தி இலை விரல் விரித்த கை மாதிரி இருக்கும். மூன்று விரல் என்றால் ஒரு ரகம், ஐந்து விரல் என்றால் வேறு ரகம் என்று முதலில் நம்பினேன். ஆனால் ஒரே செடியில் கீழ் இலை ஒரு சாட்சி சொல்லும், மேல் இலை அதை மறுத்துப் பேசும். நிழலில் வைத்தால் இலை ஒரு மாதிரி, வெயிலில் வைத்தால் வேறு மாதிரி. கடைசியில் பழம் பழுக்கும்வரை காத்திருக்க வேண்டும். பழுத்ததும் இரண்டாகப் பிளந்து வெள்ளைத் தட்டில் வைத்துப் படம் எடுத்துப் போட வேண்டும். அதுதான் குழுவில் தீர்ப்பு. அந்தப் பழக்கத்தில் எனக்கு மனிதர்களைப் பார்த்தாலும் ரகம் பிரிக்கத் தோன்றும். தம்பியின் காது மாமாவின் ரகம், என் மூக்கு அத்தையின் ரகம் என்று சொல்லி அத்தையிடம் குட்டு வாங்கியிருக்கிறேன்.

அம்மாவுக்கு இதிலெல்லாம் நாட்டம் கிடையாது. மாடிப்படி ஏறியதும் இருக்கும் மூலையில் ஒரு ஜாதிமல்லித் தொட்டி மட்டும் அவளுடையது. சாயங்காலம் வருவாள், அரும்பு பறிப்பாள், இறங்கிப் போவாள். அப்பா ஏதாவது ஒரு பழத்தை நீட்டி ரகம் கேட்டால், "எல்லாம் அத்திதான, இதுல இன்னாத்த பார்க்கறது?" என்பாள். இந்தப் பெண்பிள்ளைக்குக் கண்ணே இல்லை என்பது போல அப்பா என்னைப் பார்ப்பார். நானும் அப்பாவோடு சேர்ந்து தலையை ஆட்டுவேன்.

அந்த வருஷம் தம்பிக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும், தாய்மாமன்தான் சீர் கொண்டுவர வேண்டும். அம்மாவின் தம்பிக்குச் சேதராப்பட்டில் கம்பெனி வேலை. ஒப்பந்தம் முடிந்தது என்று சொல்லி, விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்புதான் அவரை நிறுத்தியிருந்தார்கள். இது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். மாமா மேளம் வைத்துக்கொண்டுதான் வந்தார். தட்டுகளில் பழம், வேட்டி, இனிப்பு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் ஒரு ஜோடிக் கம்மல். தட்டு வரிசை சீக்கிரமே முடிந்துவிட்டது. அதற்குப் பின்னால் மாமாவே தலையில் சுமந்து வந்தார், வாளியோடு ஒரு அத்திச் செடியை. வாளிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது.

பந்தல்கால் இடித்து அடித்தண்டில் விரல் நீளத்துக்குப் பட்டை உரிந்து போனது. பால் வடிந்தது. அம்மா ஓடிப்போய்ச் சீர்த்தட்டிலிருந்த மஞ்சளைக் குழைத்து அந்தக் காயத்தில் அப்பினாள். மாமா மூச்சு வாங்கிக்கொண்டே அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

"துருக்கி அத்தி மாமா. உங்ககிட்ட இல்லாத ரகமாச்சேன்னு அலைஞ்சி புடிச்சன்."

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். ஆனால் அத்தை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. தவளக்குப்பத்தில் வீடு. அவளும் அந்தக் குழுவில் ஒரு பெரிய தலை. இலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள்.

"இது எங்க வூட்டுல கீற பூனாதான்டா. ரோட்டோரம் சல்லிசா விக்கிறத தூக்கிக்கினு வந்து சீருன்றான்."

மாமாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அம்மா மஞ்சள் கையோடு எழுந்து நின்றாள். இலையை வைத்து எதையும் சொல்ல முடியாது, பழுக்கட்டும் என்று அப்பா குழுவின் சட்டத்தை எடுத்துவிட்டார். சரி, பழுத்ததும் என் வீட்டுப் பூனாவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து வெட்டிப் பார்ப்போம் என்றாள் அத்தை. பந்தி போட்டதால் பேச்சு அதோடு நின்றது. மாமா சாப்பிட்டாரா என்று எனக்கு நினைவில்லை. எல்லோரும் போன பிறகு அம்மா அப்பாவிடம் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

"அவன் பொய் சொல்றவன் இல்லீங்க. நல்லா பார்த்துச் சொல்லுங்க."

எல்லாம் அத்திதான் என்று சொன்ன அம்மா, அதிலிருந்து தினமும் அந்தச் செடியின் காயைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மல்லி பறிக்கப் போனாள்.

முதல் காய் பழுத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போயிருந்தாள். அத்தை வருவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று அப்பா, செடியைக் காம்பு கசங்காமல் ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, என்னைப் பின்னால் உட்கார வைத்து வில்லியனூருக்கு விட்டார். எதிர்க்காற்றில் இலைகள் அப்பாவின் முகத்தில் அறைந்துகொண்டே வந்தன.

குழுவின் அட்மின் வில்லியனூரில் இருந்தார். எல்லோரும் அவரை அட்மின் சார் என்றே கூப்பிட்டதால் அவருக்கு வேறு பெயர் உண்டென்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவர் மாடியில் ஒவ்வொரு செடிக்கும் ஐஸ் குச்சியில் பெயர் எழுதிக் குத்தியிருக்கும். பெயர் இல்லாமல் ஒரு செடி இங்கிருந்து போகாது, சும்மாவும் போகாது, செடிக்குச் செடிதான் என்பது அவருடைய கட்டளை. தன்னுடைய பூனாவில் ஒன்று, துருக்கியில் ஒன்று, நாங்கள் கொண்டுபோனதில் ஒன்று என்று பறித்துப் பிளந்து தட்டில் வைத்தார். நானும் தலையை நீட்டினேன். எங்களுடையதும் அவருடைய பூனாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அதே மணி வடிவம், அதே வெளிர் சிவப்புச் சதை. துருக்கி தனியாக இருந்தது. மேலே செம்புக் கலரில் வரிவரியாக, உள்ளே தேன் நிறத்தில்.

"பூனாப்பா!" என்று கத்தினேன். நானாகவே கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கு. அப்பா என்னைப் பாராட்டவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சானை எவனோ நல்லா ஏமாத்திட்டான் சார்" என்றார்.

பிறகு அட்மின் சாரின் துருக்கிச் செடியைச் சுற்றி வந்தார். எங்கள் செடியின் உயரம்தான் இருந்தது. அதற்குப் பதில் என்ன தருவீர்கள் என்று அட்மின் சார் கேட்கவேயில்லை, அப்பாவே சொன்னார். டயானா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோயம்புத்தூரிலிருந்து பென்சில் கனத்தில் ஒரு குச்சியாக வந்ததை, வேர் பிடிக்க வைத்து, வெயிலுக்குக் குடை கட்டி, பிள்ளை மாதிரி வளர்த்திருந்தார். அப்போதுதான் முதல் முறையாகக் காய் விட்டிருந்தது. ஒன்றைக்கூட நாங்கள் தின்றிருக்கவில்லை. அட்மின் சாருக்கு விஷயம் புரிந்துபோனது.

"நீங்க அதை யார் குடுத்ததுன்னு சொல்லிக்கிறீங்கன்றது எனக்கு வேணாம். என் குச்சில துருக்கின்னு இருக்கு, அது துருக்கிதான்."

அப்பாவுக்கும் அந்த நியாயம் பிடித்துப்போனது. ரகத்தில் நாம் பொய் சொல்லவில்லை பார் என்று வரும் வழியெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கல்ல, தனக்கேதான் சொல்லிக்கொண்டார் என்று இப்போது தெரிகிறது. மாமாவின் பூனா அங்கேயே நின்றுவிட்டது, வாளி மட்டும் துருக்கியோடு திரும்பி வந்தது. மறுபடி ஒரு நடை போய் டயானாவையும் கொடுத்துவிட்டு வந்தார். மாடியில் அது நின்ற இடத்தில் ஈரத்தால் ஒரு வட்டம் மட்டும் இருந்தது. அடுத்ததாக அப்பா செய்ததை என்னால் நம்ப முடியவில்லை. ஒரு இலையைக் கிள்ளினாலே கையைத் தட்டிவிடுகிறவர், பேனாக்கத்தியை எடுத்துத் துருக்கியின் அடித்தண்டில் விரல் நீளத்துக்குப் பட்டையை உரித்தார். அஞ்சறைப் பெட்டியிலிருந்து மஞ்சள் தூள் கொண்டுவரச் சொல்லி அதன்மேல் அப்பினார்.

"அம்மாகிட்ட ஒளறிடாத பாப்பா."

நான் உளறவில்லை. அத்தையை ஜெயிப்பதற்காக அப்பா இவ்வளவு பெரிய திருட்டு வேலை செய்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை.

சாயங்காலம் அம்மா வந்தாள். மல்லி பறிக்க மாடிக்கு வந்தவள், வழக்கம்போலக் காயைத் தொட்டாள். குனிந்து அடித்தண்டையும் தடவினாள். மாமா கொண்டுவந்த செடியில் அந்தக் காயம் எப்போதோ ஆறி, தழும்பாகிவிட்டிருந்தது. இதில் பால் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. விரலில் பிசுபிசுவென்று ஒட்டியதை அவள் முந்தானையில் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அவள் டயானா இருந்த வட்டத்தையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். டயானா வேர் அழுகிச் செத்துப்போனது என்றார் அப்பா. அப்படியா என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

அடுத்த வாரம் அத்தை தவளக்குப்பத்திலிருந்து டிபன் பாக்ஸில் பூனாப் பழத்தோடு வந்து இறங்கினாள். வெள்ளைத் தட்டு வந்தது. இரண்டு பழத்தையும் பிளந்தார்கள். சின்னக் குழந்தைக்கும் தெரிகிற வித்தியாசம். அத்தை சண்டைக்காரிதான், ஆனால் பழத்தின் விஷயத்தில் நேர்மையானவள். துருக்கிதான் என்று ஒப்புக்கொண்டாள். அங்கேயே நின்று படம் எடுத்து, செடி யாருடைய சீர் என்பதையும் சேர்த்துக் குழுவில் போட்டாள்.

"உன் தம்பி நல்ல செடிதான்டி கொண்டாந்துகிறான்."

"அவன் பொய் சொல்லமாட்டான் அண்ணி" என்றாள் அம்மா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அன்று மாலையே மாமாவுக்குப் போன் போட்டு, அத்தை சொன்னதை அப்படியே சொன்னாள். மாமா மறுபக்கம் சிரித்தது எனக்கே கேட்டது.

கதை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சில நாள் கழித்துப் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, டயானாவின் வட்டத்தில் ஒரு செடி நின்றுகொண்டிருந்தது. கோயிலுக்கு வில்லியனூர் போனதாகவும், வருகிற வழியில் வாங்கியதாகவும் அம்மா சொன்னாள். இடம் காலியாக இருந்ததாம். நான் சும்மா இருப்பேனா? உட்கார்ந்து இலையைப் பார்த்தேன், தண்டைப் பார்த்தேன். அடியில் விரல் நீளத்துக்கு ஆறிப்போன தழும்பு. அதன் ஓரத்தில் பழைய மஞ்சள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா மாட்டிக்கொண்டார்.

கழனியிலிருந்து வந்த அப்பாவும் பார்த்தார். குனிந்து அந்தத் தழும்பைத் தடவினார்.

"இன்னா ரகம்னு கேட்டு வாங்கினியா?"

"எனக்கு இன்னாங்க தெரியும்? எல்லாம் அத்திதான."

இப்போது சண்டை வரும், இப்போது வரும் என்று நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அப்பா ஒரு குவளைத் தண்ணீர் மொண்டுவந்து அந்தச் செடிக்கு ஊற்றினார். சீமை அத்தியிலேயே சப்பென்று இருப்பது பூனாதான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர், அன்றிலிருந்து தினமும் முதல் தண்ணீரை அதற்குத்தான் ஊற்றினார். எல்லாச் செடிக்கும் பெயர்க்குச்சி குத்தியவர் அதற்கு மட்டும் குத்தவில்லை. நான் கேட்டதற்கு, தெரியாத ரகத்துக்கு எப்படிப் பெயர் எழுதுவது என்று சொல்லிவிட்டார். தெரியாதா? தட்டில் வைத்து நாங்கள் மூன்று பேரும் பார்த்தோமே!

மாமா பொங்கலுக்கு வரும்போதெல்லாம் மாடிக்குப் போய்த் துருக்கியைப் பெருமையாகப் பார்ப்பார். பக்கத்தில் நிற்கிற பூனாவை அவர் கண்டுகொண்டதே இல்லை. அவர் திரும்பியதும் அம்மாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

எந்த இலைக்கு எத்தனை விரல், எந்தப் பழத்துக்கு எந்த நிறம் என்று அந்த மாடியில் எனக்குத் தெரியாததே இல்லை என்றிருந்தேன். அம்மா அந்தச் செடியோடு வந்த அன்று, படி ஏறியதும் இருந்த மூலையில், ஜாதிமல்லித் தொட்டி நின்ற இடத்தில் ஒரு ஈர வட்டம் மட்டும் இருந்ததையும் நான் பார்த்தேன். அம்மா அதற்குப் பிறகு கடையில் பூ வாங்கி வைத்துக்கொண்டாள். மல்லி எங்கே போனது என்று எனக்குக் கேட்கத் தோன்றவேயில்லை. அட்மின் சார் மாடியில் அத்திகளுக்கு நடுவே, ஐஸ் குச்சியில் ஜாதிமல்லி என்று எழுதிக் குத்திய ஒரு தொட்டியை அப்புறம் ஒரு நாள் பார்த்தபோதும், இவருக்கு எதற்கு மல்லி என்றுதான் யோசித்தேன்.