‘காயம்: இல்லை’ என்ற ஒரு வரி

என் மாமா பத்துமலையின் சேவைத் தாள் 1978ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஈப்போவில் அவர் கைக்கு வந்தது. ஒற்றைத் தாள். பெயர், எண், பணியில் சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள் எல்லாம் சரியாக இருந்தன. பதினோராவது வரியில், காயம் என்பதற்கு எதிரே, ‘இல்லை’ என்று தட்டச்சு செய்திருந்தார்கள். புந்தோங்கில் அவருடைய வீட்டு வாசலில் அமர்ந்து அதை வாசித்துக் காட்டியவன் நான்.

மாமா கைலியைச் சற்று உயர்த்தி இடது கெண்டைக்காலைத் திருப்பிப் பார்த்தார். முன்புறம் காசளவு ஒரு குழி. பின்புறம் அதைவிடப் பெரிதாக, சுருங்கிய தோலுடன் இன்னொன்று.

“அப்ப இது என்னவாம்? கொசுக் கடிச்சதா?” என்றார்.

மலாயாவில் 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் தோட்டங்களைக் காவல் காத்து, மோதலில் காயம்பட்ட முன்னாள் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களுக்குப் பதக்கம் வழங்கப்போவதாக அப்போது அறிவிப்பு வந்திருந்தது. காயம் சேவைத் தாளில் பதிவாகியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதற்காகவே அவர் தாளை வரவழைத்தார். பதக்கத்தைப் பற்றி அதற்குப் பின் பல மாதங்கள் அவர் பேசவில்லை. அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசினார்.

நடந்தது இதுதான். 1951 ஆகஸ்ட் 14, செவ்வாய்க்கிழமை. கோப்பெங்கை அடுத்த மணல்மேட்டுத் தோட்டத்தில் மூன்றாம் பிரிவில் ஒன்பது பேர் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் காவலாக மாமா ஒருவர்தான் நின்றார். வெட்டியவர்களில் ஒருவர் அவருடைய மனைவி, என் அத்தை ராக்காயி. காட்டோரத்திலிருந்து கம்யூனிஸ்டுப் போராளிகள் சுட்டார்கள். முதல் சூட்டிலேயே மாமாவின் காலில் குண்டு பாய்ந்து வெளியேறியது. அவர் ஒரு மரத்தின் பின்னால் விழுந்தபடியே, ஒன்பது பேரும் வடிகால் கானுக்குள் இறங்கித் தவழ்ந்து போய்ச் சேரும்வரை திருப்பிச் சுட்டுக்கொண்டிருந்தார். எத்தனை முறை சுட்டார் என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. ஆறு என்பார் மாமா. பத்துக்குக் குறையாது என்பார் அத்தை.

காவல் சாவடிக்குப் பொறுப்பான கார்ப்பரல் அன்று அனுமதியின்றிக் கோப்பெங் பட்டணத்துக்குப் போயிருந்தார். காயம்பட்ட ஆள் இருந்தால் விசாரணை வரும். ஆகவே, துப்பாக்கிச் சூடு நடந்தது, எவருக்கும் காயமில்லை என்று அறிக்கை கொடுத்துவிட்டார். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸர் கார்த்திகேசு, மாமா குடியிருந்த லயத்து வீட்டிலேயே வைத்து மருந்து போட்டார். அவர் எழுதிய மருந்துப் புத்தகம், 1968இல் தோட்டம் துண்டுதுண்டாக விற்கப்பட்டபோது மற்றக் காகிதங்களோடு எரிக்கப்பட்டது.

ஒரு கார்ப்பரலின் பொய் இத்தோடு நின்றிருந்தால் அதைத் திருத்துவது எளிதாக இருந்திருக்கும். அதற்குமேல் ஒரு தவற்றைச் செய்தவர்கள் எங்கள் குடும்பத்தார்.

தோட்டத்தில் பதில் ஆள் என்றொரு வழக்கம் இருந்தது. ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டால், அவருடைய அண்ணனோ மனைவியோ தங்கையோ காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவர் பெயருக்குக் குரல் கொடுத்து, அவருடைய மர நிரையை வெட்டிவிடுவார்கள். வேலை வாங்கும் தண்டலுக்கும் கணக்கெழுதும் கிராணிக்கும் இது தெரியும், பேசாமல் இருந்துவிடுவார்கள். தொடர்ந்து பெரட்டுக்கு வராதவரின் பெயரை அடித்துவிட்டால் லயத்து வீடும் போய்விடும் என்ற அச்சத்தில் பிறந்த வழக்கம் அது. காவல் பணிக்கும் அதே விதிதான் என்று எங்கள் ஆட்கள் நம்பினார்கள். மறுநாள் காலை, ராக்காயி அத்தையின் தம்பி சன்னாசி, மாமாவின் சீருடையை அணிந்து, மாமாவின் எண்ணுக்குக் குரல் கொடுத்து, துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வாயிலில் நின்றார். சன்னாசிக்கு அப்போது இருபது வயது. அவர் என் தந்தை. மாமாவைவிட அரை அடி உயரமானவர் என்பதால், கால்சட்டை தொடைக்குமேல் ஏறி நின்றதாம். கார்ப்பரல் பார்த்தார்; தமக்கும் அது வசதி என்பதால் ஒன்றும் சொல்லவில்லை. ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 6 வரை, இருபத்து மூன்று நாள்கள் என் தந்தை அப்படி நின்றார்.

மாமாவின் முதல் விண்ணப்பத்துக்கு 1978 ஜூலையில் பதில் வந்தது. அந்தத் தேதிகளில் இந்த எண்ணுக்குரியவர் ஒரு நாளும் தவறாமல் பணிக்கு வந்திருப்பதாகக் காவலர் வருகைப் பட்டியல் காட்டுகிறது. காலில் குண்டு பட்டவர் மறுநாளே காவல் நின்றிருக்க இயலாது. எனவே திருத்தம் இல்லை.

நாங்கள் முகம்மது கௌஸிடம் போனோம். நீதிமன்றத்துக்கு எதிரே, கடைவரிசையின் ஐந்தடி நடைபாதையில் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்து மனு எழுதித் தருபவர் அவர். கடிதத்தை இருமுறை படித்துவிட்டுச் சிரித்தார்.

“அண்ணே, லேசான வழி இருக்கு லா. காயம் பட்டுச்சு, ஆனா ஆள் பத்தலைன்னு கேட்டுல நாக்காலி போட்டு உக்காந்தே டியூட்டி பாத்தேன்னு அடிச்சிடுறேன். பட்டியலும் சரி, காலும் சரி. ஒரு வரி. முடிஞ்சிச்சு.”

“நான் எங்க உக்காந்தேன்? லயத்துல படுத்துக் கெடந்தேன்.”

“அதை யாரு பாத்தா?”

“டிரெஸர் மருந்து ஊத்துறப்ப நான் கத்துனது கோப்பெங் வரைக்கும் கேட்டிருக்கும். பாக்கலைன்னாலும் கேட்டிருப்பாங்க.”

“சரி, நீங்க படுத்துக் கெடந்தீங்க. அப்ப கேட்டுல நின்னது யாருன்னு கேப்பான். என்ன சொல்ல?”

மாமா கடிதத்தைத் திரும்ப வாங்கி மடித்தார். “அதை மட்டும் எழுதக் கூடாது. பொய்யும் எழுதக் கூடாது,” என்றார்.

“ரெண்டும் இல்லாம நான் என்னத்த அடிக்கிறது? தேதியும் கையெழுத்துமா?”

“அது போதும்னா அதையே அடி.”

காரணம் இருந்தது. என் தந்தை அப்போது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தார்; குடிமக்களுக்கு உரியது நீலக் கார்டு. வேலைக்கு அனுமதி வாங்குவதும் புதுப்பிப்பதுமாகப் பல ஆண்டுகள் அலைந்தபின், குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார். அந்த நேரத்தில், காவலர் அல்லாத ஒருவர் காவலர் உடையில் ஆயுதம் ஏந்தி நின்றார் என்று அரசாங்கக் காகிதத்தில் ஏறினால் என்ன ஆகும் என்பது எங்களில் எவருக்கும் தெரியாது. தெற்கே தெலுக் ஆன்சனில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவரிடம் இதைச் சொல்லக் கூடாது என்று மாமா எனக்குக் கட்டளையிட்டார். (அவ்வூர் தெலுக் இந்தான் ஆனது பின்னால்.) நான் சொல்லவில்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை மாமா சேவைத் தாள் தந்த அலுவலகத்துக்குப் போனார். பெரும்பாலும் நானும் உடன் சென்றேன். அவர் பேசியது சந்தை மலாய். அதை இங்கே அவருடைய தமிழில் எழுதுகிறேன். சொன்னது எப்போதும் ஒன்றுதான்: “குண்டு பட்டுச்சு. இல்லைன்னு எழுதியிருக்கு. திருத்துங்க.” அரசாங்க மருத்துவர் ஒருவரிடம் சான்று வாங்கிக்கொண்டு போனோம். பழைய குண்டுக் காயம்தான், ஆனால் எந்த ஆண்டு, எந்த இடம் என்று இதில் இல்லையே என்றார்கள். முகப்பு மேசையிலிருந்த எழுத்தர் ஒருவர், கள்ளுக்கடையிலிருந்து திரும்பும்போது கம்பியில் குத்திக்கொண்டிருப்பார் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

மாமா அவரை நோக்கித் திரும்பினார். “கள்ளு குடிச்சா இந்தப் பக்கம் உள்ள போயி அந்தப் பக்கம் வெளிய வர்ற ஓட்டை விழுமா தம்பி? வா, நான் வாங்கித் தர்றேன். நீ குடி. காலை நான் பாத்துக்கிட்டே இருக்கேன்.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். விண்ணப்பம் அன்றும் திரும்பி வந்தது.

இப்படிப் பதினெட்டு மாதங்கள். 1980 தைப்பூசத்துக்கு என் தந்தை ஈப்போ வந்தபோது ராக்காயி அத்தை எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டார். யாரும் தன்னிடம் வாக்கு வாங்கவில்லை என்பது அத்தையின் வாதம், அது உண்மையும்கூட. சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்த என் தந்தை எழுந்துவிட்டார்.

“மச்சான், இவ்வளவு நாளா நீ போயி நின்னது எனக்குத் தெரியாம?”

“உனக்கெதுக்கு? நீ நீலக் கார்டு வாங்குற வேலையப் பாரு.”

“எனக்கெதுக்கா? அந்தக் கேட்டுல இருபத்து மூணு நாளு நின்னது யாரு, உங்கொப்பனா?”

“டேய், சாப்பிடுற எடத்துல...”

“கால்சட்டை இங்க ஏறி நிக்க, பொம்பளைங்கள்லாம் சிரிக்க சிரிக்க நின்னேன். ரெண்டாவது வாரம் ராத்திரியெல்லாம் காட்டுப் பக்கம் விளக்கு அசையுது, அப்பவும் நின்னேன். இப்ப நான் நிக்கவே இல்லைன்னு ஆக்கிட்டு நீ மட்டும் பதக்கம் குத்திக்கப் போறியா?”

“உன்னையக் காப்பாத்தத்தாண்டா வாய மூடிக்கிட்டு இருக்கேன்!”

“என்னையக் காப்பாத்த நான் உங்கிட்ட எழுதிக் குடுத்தேனா? திங்கக் கெழமை நான் வாரேன். என்னைய வச்சுப் பூட்டினாலும் கதவ ஒடைச்சிட்டு வாரேன்.”

“ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிடுங்க,” என்றார் அத்தை. “கத்துறதுக்குச் சோறு போடல.”

திங்கட்கிழமை மூவரும் போனோம். என் தந்தை நடந்ததை ஆரம்பம் முதல் சொன்னார். முகப்பிலிருந்த எழுத்தர் உள்ளே போய் அதிகாரியை அழைத்து வந்தார். அதிகாரி இளைஞர், அந்தச் சூடு நடந்தபோது பிறந்திருக்கக்கூட மாட்டார். முழுவதும் கேட்டுவிட்டு, என் தந்தையின் சிவப்புக் கார்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். இந்த வாக்குமூலம் கோப்பில் ஏறிவிட்டால் தம்மால் அதை எடுக்க இயலாது என்றும், குடியுரிமை விண்ணப்பத்தைப் பார்ப்பவர்கள் இதையும் பார்க்கக்கூடும் என்றும், வேண்டுமானால் வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வரலாம் என்றும் சொன்னார்.

“இருபத்தெட்டு வருசம் யோசிச்சாச்சு,” என்றார் என் தந்தை. “எங்க வைக்கணும், காட்டுங்க.” மைப்பெட்டியில் பெருவிரலை அழுத்தி வாக்குமூலத்தின் கீழே பதித்தார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை.

அந்தப் பெருவிரலைப் பார்த்ததும்தான் அதிகாரி நிமிர்ந்தார். மாமாவிடம் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்திடச் சொன்னார். மாமா தமிழில் ‘பத்துமலை’ என்று எழுதினார். 1951இலும் இப்படித்தான் போடுவீர்களா என்று அதிகாரி கேட்டார். அப்போதிலிருந்தே இப்படித்தான் என்றார் மாமா. காவலர்கள் அன்றாடம் துப்பாக்கி வாங்கும்போது ஒப்பமிட்ட புத்தகம் தனியே உண்டு. பட்டியலைத் தட்டச்சு செய்தவர்கள் அந்தப் புத்தகத்திலிருந்து எண்ணை மட்டுமே எடுத்திருந்தார்கள். அதை வேறோர் ஊரின் கிடங்கிலிருந்து வரவழைக்க ஐந்து மாதமாயிற்று. ஆகஸ்ட் 14 வரை தமிழ்க் கையொப்பம். அடுத்த இருபத்து மூன்று நாள்கள் பெருவிரல் ரேகை. செப்டம்பர் 7 முதல் மறுபடியும் தமிழ்க் கையொப்பம். ரேகையை ஒப்பிட்டுப் பார்த்து, அது என் தந்தையுடையதே என்று எழுதினார்கள்.

ஆனால் காரியம் அங்கே முடியவில்லை. காயம் உறுதியானதைப் போலவே விதிமீறலும் உறுதியாகிவிட்டது; விதிமீறல் உள்ளவருக்குப் பதக்கம் தரக் குழு தயங்கும். அதிகாரி இதற்கும் ஒரு வழி சொன்னார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன். மாமா அன்று சுயநினைவின்றிக் கிடந்தார், பதில் ஆள் நின்றது அவருக்குத் தெரியாது என்று எழுதிக் கையொப்பமிட்டால், மீறல் சன்னாசியோடு போய்விடும். பதக்கத்துக்குத் தடையிருக்காது. தாளைத் தயாராகவே வைத்திருந்தார்.

மாமா அதை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பக்கத்தில் நின்ற என் தந்தை, “போடு மச்சான். எனக்கு ஏறுறது ஏறியாச்சு,” என்றார்.

“சும்மா இருடா.” மாமா தாளை முகப்பு மேசையின் மேல் வைத்து அதிகாரியின் பக்கம் தள்ளினார். “எனக்குத் தெரியும்னு எழுதுங்க. படுத்துக்கிட்டே சட்டைப் பித்தானை இவனுக்குப் போட்டுவிட்டவன் நான். துப்பாக்கிய எப்படிப் புடிக்கணும்னு வெளக்கமாத்த வச்சுக் காட்டினவனும் நான். பொய் சொல்லித்தான் பதக்கம்னா, அந்தக் கார்ப்பரலைத் தேடிப் புடிச்சு அவனுக்கே குத்துங்க.”

அதிகாரி அந்தத் தாளை நான்காக மடித்துத் தம் மேசை இழுப்பறையில் போட்டார். வேறொரு தாளை எடுத்து, மாமா சொன்னதைத் தம் கையாலேயே எழுதினார். விளக்குமாற்றையும் விடவில்லை.

1981 மே 11 தேதியிட்ட கடிதத்தோடு புதிய சேவைத் தாள் வந்தது. பதினோராவது வரி: ‘காயம்: இடது கெண்டைக்கால், துப்பாக்கிக் குண்டு, 14.8.1951.’ பன்னிரண்டாவது வரி: ‘விதிமீறல்: பதில் ஆளை நிறுத்தியது. எச்சரிக்கப்பட்டார்.’ பதின்மூன்றாவது வரியில் பதக்கம். முப்பதாண்டுக்குப் பிறகு தமக்கு எச்சரிக்கை வந்ததைக் கேட்டு மாமா கண்ணில் நீர் வரச் சிரித்தார். “சரியாத்தான் எழுதியிருக்கான். அதுவும் நடந்ததுதானே,” என்றார். பதக்கம் இரண்டு வாரம் கழித்துப் பதிவுத் தபாலில் வந்தது.

என் தந்தைக்கு நீலக் கார்டு 1984இல் கிடைத்தது. அவரோடு விண்ணப்பித்த பலருக்கு அதற்குமுன்பே கிடைத்துவிட்டது. தாமதத்துக்கு அந்த வாக்குமூலம்தான் காரணம் என்று உறவினர்கள் சொல்வதுண்டு. அதற்கு என்னிடம் சான்று இல்லை. ஆகவே அப்படி எழுத மாட்டேன்.

பதக்கம் வந்ததற்கு அடுத்த மாதம், முதல் திங்கட்கிழமை, மாமா வழக்கம்போல வெள்ளைச் சட்டை அணிந்து புறப்பட்டார். இனி எதற்கு என்று அத்தை கேட்டார். அவர் என் தந்தையையும் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். முகப்பில் அதே அதிகாரி இருந்தார். இவரைக் கண்டதும் எழுந்து கைகொடுத்தார்.

“என் தாள் சரியாயிருச்சு. இவன் தாள் எங்க?” என்றார் மாமா.

இவருக்குச் சேவை எண்ணே கிடையாதே, எண் இல்லாதவருக்கு எப்படித் தாள் இருக்கும் என்று அதிகாரி கேட்டார்.

“இருபத்து மூணு நாளு உங்க துப்பாக்கி இவன் கையில இருந்துச்சுன்னு உங்க புத்தகமே சொல்லுது. எண்ணு இல்லைன்னா அது யாரு தப்பு? அதத்தான் திருத்தச் சொல்றேன்.”

“தாக் போலே, பாக்சிக்,” என்றார் அதிகாரி. முடியாது, பெரியவரே.

“எனக்கும் அப்படித்தான் சொன்னீங்க. படிவத்தக் குடுங்க.”

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றியிருந்தேன். அவர் குனிந்து கீழ்த் தட்டிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார்.