ஏரியா, பள்ளமா?

தாராவியில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் அக்கா, கல்யாண் பக்கம் ஏரிக்கரையில் வரப்போகும் குடியிருப்பில் ஃப்ளாட் புக் செய்திருக்கிறாள். அதன் சுற்றுச்சூழல் பாதிப்பு பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு இன்று போயிருந்தோம்.

"அது ஏரியே இல்லை, மழைத் தண்ணீர் தேங்கும் பள்ளம். மூடினால் பாதிப்பில்லை" என்றார் கம்பெனி இன்ஜினியர்.

அக்கா எழுந்துவிட்டாள்.

"அரே சாப், ஏரி தெரியுற வீடுன்னுதானே வித்தீங்க? ஏரியை மூடிட்டா எதைப் பார்க்க?" என்று இந்தியில் சத்தம் போட்டாள்.

திட்டத்தை எதிர்க்க வந்திருந்த மீன்பிடிக்கிறவர்கள் கைதட்டினார்கள். அடுத்த போராட்டத்துக்குக் கூப்பிட அவள் நம்பரைக் கேட்டார்கள். கொடுத்தும்விட்டாள்.

திரும்பும் ட்ரெயினில்தான் கேட்டாள்: "ஏலே, நான் இப்ப வீடு வேணும்னு பேசுனேனா, வேண்டாம்னு பேசுனேனா?"

தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.